பலகைக்குப் பின்னால் ஒரு மூச்சு

டக்!

பலகையைத் துளைத்துக்கொண்டு வந்த ஆணி, நாறும்பூநாதனின் இடது கண்ணுக்கு ஒரு நெல்மணி தூரத்தில் நின்றது.

அலற வாய் திறந்தான்... தன் கையாலேயே பொத்திக்கொண்டான்!

அலறினால் ஜெயில். அலறாவிட்டால்... சமாதி!

வருஷம் 1913. பாளையங்கோட்டையில் பிரம்மநாயகி அம்மாளின் பங்களா. எப்போதோ ஒரு துரை கட்டியது. கூடத்துச் சுவரை மறைத்து, தரையிலிருந்து உத்தரம் வரை மரப்பலகை அடித்திருந்தான். இப்போது பலகையெல்லாம் கறுத்து, கரையான் ஏறி, பார்க்கவே சகிக்கவில்லை. சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்க இடமிருந்தது.

அந்த இடத்தில்தான் நாறும்பூநாதன் நின்றான்.

மத்தியானம், வீடு அயர்ந்திருந்த நேரம் பார்த்துத் திருட வந்தவன். பீரோவைத் திறந்து ஒரு சங்கிலியை எடுத்து மடியில் கட்டியதுமே காலடிச் சத்தம்! மூலையில் ஆடிக்கொண்டிருந்த பலகையை விலக்கி உள்ளே நுழைந்துவிட்டான்.

இன்றைக்குத்தான் பழைய பலகைமேல் புதுப் பலகை அடிக்க ஆள் வருமென்று யார் கண்டார்கள்!

“முதலாளி, பழசப் பிரிச்சுட்டு அடிச்சா நல்லாருக்கும்.” பேட்டையிலிருந்து வந்த தச்சர் மதார் சொல்லிப் பார்த்தார். “கரையான் உள்ளயே கெடந்து புதுசையும் தின்னுரும்லா?”

“பெரியம்மைக்கு இளைப்பு வே. தூசி ஆகாது. மேலயே அடியும்.” இது ஆவுடைநாயகம். அம்மாளின் கொழுந்தன் மகன்.

“இந்த மூலையில ஒண்ணு ஆடுதே...”

“அதையும் சேத்து அடியும்!”

டக்! டக்! டக்!

கீற்றுக் கீற்றாக வெளிச்சம் செத்தது. நாறும்பூநாதன் தோளால் முட்டிப் பார்த்தான். அசையவில்லை. பிடரியில் கரையான் ஊர்ந்தது. சொறிய முடியவில்லை... கையை மடக்கவே இடமில்லை!

“தொழுதுட்டு வாரேன் முதலாளி.” மதார் போய்விட்டார்.

இதுதான் சமயம், கத்திவிடலாமா என்று நினைத்தான். அதற்குள் பூட்ஸ் சத்தம் உள்ளே வந்தது. கூடவே, சளி கட்டியது மாதிரி ஒரு கரகரத்த குரல்.

“கஷாயத்துல கலந்தாச்சா வே?”

“அரளி விதை அண்ணாச்சி. அரைச்சுக் கலந்துட்டேன். பெரியம்மை முழிச்சதும் குடிப்பாவ.”

“கெழவி தத்து எடுக்கது என்னைக்கு?”

“வார வெள்ளிக்கிழமை. எடுத்துட்டா வயக்காடு பூரா அந்தப் பயலுக்குல்லா போயிரும்!”

“பயப்படாத. ஊர்ல வாந்திபேதி நடமாடுது. இதையும் அதுல சேத்து எழுதிருதேன். ஆத்துக்கு அந்தப் பக்கத்து நஞ்சை எனக்கு... வெளங்குதா?”

“வெளங்குது அண்ணாச்சி.”

பூட்ஸ் சத்தம் தேய்ந்தது.

நாறும்பூநாதன் திருடன்தான். ஆனால் ஒரு கோழியைக்கூடக் கொன்றதில்லை.

இப்போது கத்தினால் ஆவுடைநாயகம் இங்கேயே வைத்து முடித்துவிடுவான். கேட்க நாதியில்லை. பலகைக்குப் பின்னால் கிடக்கும் பிணத்தை யார் தேடப் போகிறார்கள்?

அம்மாள் வரட்டும்... அதுவரை மூச்சு இருக்குமா?

நெஞ்சு அடைத்தது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

கடைசியில், தரையில் தடி ஊன்றும் சத்தம்!

“ஏ ஆவுடை... கஷாயம் எங்கலே?”

“இந்தா பெரியம்மை. சூடு ஆறுததுக்குள்ள ஒரே மடக்கா குடிச்சிருங்க.”

“அம்மா! குடிக்காதீய! வெஷம்!”

தடி ஊன்றும் சத்தம் பலகைப் பக்கம் திரும்பியது.

“யாருலே அது... சுவத்துக்குள்ள?”

“பேய் பெரியம்மை! துரை செத்த வீடுல்லா? நீங்க குடிங்க!”

“பேய் இல்ல தாயி, களவாணி! உங்க சங்கிலியக் களவாண்டுட்டு உள்ள மாட்டிக்கிட்டேன்! அரளி விதைய அரைச்சுக் கலந்துருக்கான்!”

அம்மாளின் குரல் நிதானமாக வந்தது.

“களவாணின்னு தன்னையே காட்டிக் குடுத்துட்டு எவனாவது பொய் சொல்லுவானாலே? எங்க, நீ ஒரு வாய் குடி பாப்போம்!”

தம்ளர் உருண்டது. காலடி ஓடியது!

“மதாரு! அவனப் பிடி!”

தொழுதுவிட்டு மதார் திரும்பியிருந்தார் போல. வாசலில் தொம்மென்று ஒரு சத்தம். அப்புறம் ஆணி பிடுங்கும் கிறீச்... கிறீச்...

பலகை விலகியதும் நாறும்பூநாதன் ஈரத்துணி மாதிரித் தரையில் சரிந்தான். காற்று! வாயால், மூக்கால் அள்ளி அள்ளிக் குடித்தான். சங்கிலியை அவிழ்த்து அம்மாளின் காலடியில் வைத்தான்.

ஆவுடைநாயகத்தைத் தூணோடு கட்டியிருந்தார்கள். தெரு முழுக்கக் கூடத்தில் நின்றது. ஓர் ஏட்டுடன் இன்ஸ்பெக்டர் திருஞானசம்பந்தம் உள்ளே வந்தார்.

“ஏலே! இன்னொருத்தன் பேசினான்னு சொன்னியாமே? மூஞ்சியப் பாத்தியா? பாக்காம எவன் பேரையாவது இழுத்த, தோல உரிச்சிருவேன்... வெளங்குதா?”

நாறும்பூநாதன் சட்டென்று தலை நிமிர்ந்தான்.

அதே கரகரப்பு... அதே பூட்ஸ்!

பலகையிலிருந்து தப்பி, காக்கிச் சட்டையிடம் மாட்டிக்கொண்டான்! தெரியாது என்றால் பிழைப்பான். ஆனால் அம்மாளை இன்னொரு நாள் முடித்துவிடுவார்கள். தெரியும் என்றால், விடிவதற்குள் லாக்கப்பில் பிணம்.

அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சியப் பாக்கல எசமான்.”

இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்தார்.

“கொரலத்தான் கேட்டேன்... இப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!”

“களவாணி நாயே!” கழி ஓங்கியது. குறுக்கே அம்மாளின் தடி நீண்டது.

“அவனத் தொடாதீரும்!”

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் தடுமாறினார். சட்டென்று தூணைக் காட்டிக் கத்தினார். “யோவ் ஏட்டு! இந்தக் கொலைகாரப் பயலுக்கு முதல்ல வெலங்க மாட்டும்!”

அவ்வளவுதான். ஆவுடைநாயகம் வெடித்தான்.

“நான் மட்டும் கொலைகாரனா அண்ணாச்சி? வாந்திபேதின்னு எழுதிருதேன்னு சொன்னது யாரு? நஞ்சையக் கேட்டது யாரு?”

தெருவே கேட்டது. ஏட்டு கையிலிருந்த விலங்கைப் பார்த்தார்... இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்... பைய நடந்துபோய் இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டில் மாட்டினார்!

கோர்ட்டில் இருவருக்கும் நீண்ட தண்டனை கிடைத்தது. களவு களவுதான் என்று நாறும்பூநாதனையும் ஜட்ஜ் விடவில்லை. பிரம்மநாயகி அம்மாள் நேரில் வந்து மன்றாடியதால் ஆறு மாசத்தோடு போயிற்று.

அறைக் கதவைப் பூட்டிய வார்டர் கேட்டார்.

“கம்பிக்குப் பின்னால ஆறு மாசம்லே. அழுகை வரலையா?”

நாறும்பூநாதன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டான்.

“அழவா? நல்லா காத்தோட்டமால்லா இருக்கு!”