பரஸ்தானம் வைத்த பெட்டி

"பெட்டியிலேர்ந்து ஏதோ வாசனை வர்றதுடி ஷ்யாமளா," என்றாள் எதிர் ஃப்ளாட் நாகலக்ஷ்மி மாமி. "நனைஞ்ச கம்பளி மாதிரி."

"மே மாசத்துல எப்படி மாமி நனையும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

சுந்தரராமனின் தோல் பெட்டி தை மாதத்திலிருந்து மாமி வீட்டு ஹால் மூலையில் இருந்தது. ஷ்யாமளாவின் கணவனான அவன் செம்பூர்ப் பக்கம் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஜினீயர். ருமேனியாவில் ப்ளொயெஷ்ட் என்ற எண்ணெய் ஊருக்கு அவனைப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தது. விமானம் ஏறும் நாளில் நட்சத்திரம் சரியில்லை. அதனால் முதல் நாளே நல்ல வேளை பார்த்து, பெட்டியை மட்டும் வாசல்படி தாண்டிக் கொண்டுபோய் மாமி வீட்டில் பரஸ்தானம் வைத்தார்கள். அந்த வேளையிலேயே ஆள் புறப்பட்டுவிட்டதாக அர்த்தம். மறுநாள் ஆபீஸ் ப்யூன் வந்து, விசா வரவில்லை, பயணம் தள்ளிப்போகிறது என்றான். பயணம் நின்றால் பெட்டியை உடனே வீட்டுக்கு எடுத்துவந்துவிட வேண்டும். இந்த வாரம் விசா, அடுத்த வாரம் விசா என்று சொல்லிச் சொல்லியே எடுக்காமல் விட்டார்கள்.

மாலை போட்டு வழியனுப்பிய ஆபீஸ் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தெரியாமல் விழித்தது. அவன் மேஜையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். ஃபிட்டர் பிச்சையா தினமும் கேட்டான்: "சார்வாள், சீமையில இருந்து எப்ப வந்திய?"

"ஒரு முத்திரை குத்த இவனுகளுக்கு எத்தனை மாசம் வேணும்?" என்று சுந்தரராமன் வீட்டுக்கு வந்து கத்துவான். தட்டை நகர்த்துவான். ஷ்யாமளாவுக்கும் அலுத்துவிட்டது. கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்தது.

அந்த எரிச்சலில்தான் அவன் ப்ளொயெஷ்டின் வரைபடத்தை ஹால் சுவரில் மாட்டினான். போகவிடாவிட்டால் என்ன, ஊரையாவது தெரிந்துகொள்கிறேன் என்று தெருத்தெருவாக விரலை ஓட்டினான். முதலில் தெருப்பெயர்கள் பல்லில் சிக்கின. பிறகு வழுக்கிக்கொண்டு வந்தன.

"மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு ரொட்டிக்கடை," என்றான் ஒருநாள், காபியை ஆற்றிக்கொண்டே. "வாசல்ல ஒரு கிழவி. ஒரு கண் இல்லை."

"வரைபடத்துல கிழவியெல்லாம் போட்டிருக்கானா?"

அவன் சிரிக்கவில்லை. "நேத்து என்னைப் பார்த்துக் கையசைச்சா."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரம், கை அலம்ப எழுந்தவன் சமையலறை வாசலைத் தேடி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகத் தடவிக்கொண்டு நின்றான். மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவனைப் பூக்காரர் கைபிடித்து அழைத்துவந்து விட்டார். அந்த ஊரில் ஒரு தெரு தெரிந்தால் இந்த ஊரில் ஒரு தெரு மறந்தது. அப்புறம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றது. "இவா யாரு?" என்று கேட்பதுபோல் மரியாதையாக, தயங்கித் தயங்கிப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றியதும் ஷ்யாமளா எதிர்வீட்டுக்குப் போனாள். அவன் இங்கேயே இருந்தால் போதும், ருமேனியாவும் வேண்டாம், ப்ரமோஷனும் வேண்டாம்.

"பெட்டியைக் குடுங்கோ மாமி. பயணம் வேண்டாம்னு வெச்சுட்டோம்."

"இதை நீ அன்னிக்கே பண்ணியிருக்கணும்," என்றாள் மாமி.

வைத்தபோது ஒரு கையால் தூக்கிய பெட்டி. இப்போது இரண்டு பேர் பிடித்தும் எழும்பவில்லை. தரையோடு தேய்த்து இழுத்து, ஈரக்கம்பளியும் நிலக்கரிப் புகையும் வேறு ஏதோ ஒன்றும் கலந்த நெடி மூக்கைத் துளைக்க, தன் வாசல்படியைத் தாண்டி உள்ளே தள்ளினாள். கதவைத் தாழிட்டாள். சுந்தரராமன் நாற்காலியில் இருந்தபடி பெட்டியைப் பார்த்தான். முகத்தில் ஒரு நிம்மதி.

"அப்போ, புறப்பட்டுப் போனவர் வந்துடுவார்," என்றான்.

"யாரு?"

கீழே மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கனமான பூட்ஸ். இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் செருப்புதான். ஒவ்வொரு படியாக ஏறியது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது. அவர்கள் வாசலில் நின்றது.

"ஷ்யாமளா." அவள் புருஷனின் குரல். அவள் பெயர் தெரிந்த குரல். "கதவைத் திற. குளிர்றது."

கதவிடுக்கு வழியே தண்ணீர் கசிந்து வந்தது. அதில் பனித்துணுக்குகள். கரையவில்லை.

நாற்காலியில் இருந்தவன் எழுந்தான், வேண்டாத வீட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்ட விருந்தாளி போல. "அப்போ நான் கிளம்பறேன்," என்றான்.

"நீங்க எங்கேயும் போகக்கூடாது." அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கனமே இல்லை. உள்ளே ஒன்றுமில்லாத சட்டைக்கை போல் இருந்தது. காலையில்கூட விரலில் இருந்த கல்யாண மோதிரம் இல்லை. வெளுத்த தடம் மட்டும்.

கதவில் தபால் போடும் துவாரத்தின் தகடு மெல்லத் தூக்கிக்கொண்டது.

நான்கு விரல்கள் உள்ளே வந்தன. நீலம் பாரித்த விரல்கள். நகங்கள் வெடித்திருந்தன. ஒன்றில் மோதிரம்.

அவை தடவவில்லை. தேடவில்லை. நேராகத் தாழ்ப்பாளுக்குப் போயின.