ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர்

போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது...

எடுக்க வேண்டிய பொருட்காட்சி மேனேஜர், டிக்கெட் அறை மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஒரு ஸ்பேனர். கையில் பாதி கிழிந்த புதுப் போஸ்டர்.

இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லோரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள். மரணக் கிணற்றில் பைக் ஓட்டும் 'புயல்'. காலையில்தான் மேனேஜர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறான்.

ஆனால் கொலை நடந்தது மூன்று மணி ஷோ நேரத்தில். அப்போது புயல் சிவப்புச் சட்டை, ஹெல்மெட் சகிதம் கிணற்றுச் சுவரில் சுற்றிக்கொண்டிருந்தானாம். பார்த்தவர்கள் இருநூறு பேர்.

"இருநூறு சாட்சி. இவன் இல்லப்பா" என்று நோட்டை மூடினார் இன்ஸ்பெக்டர். கண்டுபிடிப்பதைவிட மூடுவதில்தான் அவர் கெட்டிக்காரர்.

கிளம்பலாம் என்றால்... ஜீப் பஞ்சர்!

வாசலில் டயர்க் கடை வைத்திருக்கும் அம்மா ஜாக்கியோடு வந்தாள். வந்தவள் ஜீப்பை விட்டுவிட்டு, கிணற்றடியில் நின்ற இரண்டு சிவப்பு பைக்குகளின் முன் டயரைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல எதுண்ணே கெணத்துல ஓடற வண்டி?"

புயல் நெஞ்சை நிமிர்த்தி முதல் வண்டியைக் காட்டினான். ஆறு வருஷமாக அதில்தான் சுற்றுகிறானாம். இன்னொன்று மனைவி காய்கறி வாங்கப் போகும் வண்டியாம்.

"மாத்திச் சொல்றீங்களே. உங்க டயர் நட்டநடுவுல தேஞ்சிருக்கு. நேர் ரோட்டுல போற வண்டி இது. அக்கா வண்டியப் பாருங்க... ஒரு பக்கம் மட்டும் வழுவழுன்னு கெடக்கு."

"காத்து கம்மியா இருந்திருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும் சார். ஷாக் அப்சார்பர் போயிருந்தா மேடும் பள்ளமுமா தேயும். ஃபோர்க்கும் வளையல, பாத்துட்டேன். இது வருஷக்கணக்கா ஒரே பக்கமா சுத்தித் தேஞ்சது. காய்கறி வாங்க யாரு சார் வட்டம் போட்டுக்கிட்டே போவாங்க?"

எல்லோரும் கூட்டத்தில் நின்ற புயலின் மனைவியைப் பார்த்தார்கள்.

"இதுவரைக்கும் என்னை யாரும் கேக்கவே இல்லையே சார்" என்றாள் அவள்.

கேட்டார்கள். சொன்னாள். புருஷனுக்கு முதல் சுற்றிலேயே தலை கிறுகிறுத்துவிடுமாம். ஹெல்மெட் மாட்டிச் சுற்றுவது அவள். ஷோ முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கும்பிடு போடுவது அவன். இது மேனேஜருக்குத் தெரிந்துபோய், நாளை முதல் போஸ்டரில் அவள் முகத்தைப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

புயலின் பையைத் துழாவினார் இன்ஸ்பெக்டர். போஸ்டரின் மீதிப் பாதி வந்தது. அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார் அடிச்சேன்" என்றான் புயல். "ஆனா கெணத்துல ஓட்டினதும் நான்தான்னு எழுதிக்கோங்க."

"ஒரே நேரத்துல ரெண்டும் எப்படிப்பா? ஓட்டினது நீன்னா, கொலை நீ இல்ல. இப்பவே ஒரே ஒரு சுத்து சுத்திக் காட்டு. வீட்டுக்குப் போயிடலாம்."

புயல் வண்டியைப் பார்த்தான். கிணற்றுச் சுவரை அண்ணாந்து பார்த்தான்...

இரண்டு கைகளையும் நீட்டினான்.

"வெலங்க மாட்டுங்க சார்."

ஜீப் இன்னும் பஞ்சராகவே நின்றது. இவனை எதில் கொண்டுபோவது என்று இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

அடுத்த ஷோவுக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்த மனைவி, முதல் வண்டியின் சாவியை அவரிடம் நீட்டினாள்.

"ஜெயிலுக்கு நேர் ரோடுதானே சார்? அவரே ஓட்டிடுவாரு."