சுரங்கத்துக்குச் சொன்ன சொல்

"வரேன்" என்று அவள் சொன்னால் சுரங்கமும் "வரேன்" என்று சொல்லும். வேலை முடிந்து மெயினை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது வாய் தானாகச் சொல்லிவிடும் வார்த்தை அது. கேட்டை இழுத்துச் சாத்துவதற்குள் எதிரொலி வந்துவிடும். அன்றைக்கு மட்டும் வரவில்லை. பூட்டுப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டி, ஸ்கூட்டரைக் கிளப்பப் போன பிறகுதான் வந்தது. சாவகாசமாக, யோசித்துச் சொல்வது போல.

"வரேன்."

ரயில் நின்று எத்தனையோ காலமான அந்தச் சுரங்கத்தைச் சைக்கிள் பாதையாக்கிக்கொண்டிருந்தார்கள். விளக்கு வேலை அவளுடையது. அதனால் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் கரண்டக்கா. ஆள் வந்தால் எரிந்து, தாண்டினால் அணைகிற சென்சார் விளக்குகளை வரிசையாக மாட்டியிருந்தாள். சுரங்கம் வளைகிற நடுப்பகுதியில், இரண்டு வாசல் வெளிச்சமும் எட்டாத இடத்தில், சுவருக்குள் ஒரு மாடம். ரயில் வரும்போது தண்டவாள வேலைக்காரர்கள் ஒதுங்கி நிற்பதற்காகக் கட்டியது. மற்ற மாடங்கள் எல்லாம் திறந்து கிடக்க, இதை மட்டும் யாரோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பெரிய கொத்தனார் அதை உடைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. நிலக்கரிப் புகை வாசனை மட்டும், இப்போதுதான் அணைத்த அடுப்பிலிருந்து வருவது போல வந்தது.

அன்றிலிருந்துதான் வளைவு விளக்கு ஆளில்லாமல் எரிந்தது. சென்சாரை மாற்றினாள். அப்போதும் எரிந்தது.

"எலியா இருக்கும் கரண்டக்கா," என்றார் கொத்தனார்.

"எலிக்கெல்லாம் எரியாதுண்ணே. ஆள் உயரத்துல அசைஞ்சாதான் எரியும்."

"அப்ப ஆள் உயர எலி!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் மனுஷன். ஆனால் அதற்குப் பிறகு வளைவுப் பக்கம் டீ குடிக்கக்கூட அவர் உட்காரவில்லை.

வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். அவளுக்கு உலகம் என்று இருந்ததே அந்தக் குட்டிதான். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் குட்டி பையை மாட்டிக்கொண்டு, "அம்மா, ஸ்கூலுக்குப் போறேன்," என்றாள்.

"போறேன்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? போறேன்னா ஒரேயடியா போறதுடி. வரேன்னு சொல்லு."

"போகத்தானே போறேன்?"

"வாயாடி! சொல்லு."

"வரேன்."

"ம், வா." யார் "வரேன்" என்றாலும் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று மகளுக்கும் பழக்கியிருந்தாள்.

அன்று சாயங்காலம் குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. பள்ளியிலிருந்து நேராகச் சுரங்கத்துக்கே கூட்டி வந்தாள். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, "இங்கேயே நில்லு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். புதுப் பூச்சின் ஈர வாசனையும், கூரையிலிருந்து எங்கோ சொட்டுகிற தண்ணீரும், செருப்புச் சத்தம் சுவரில் பட்டு இரண்டு பேர் நடப்பது போலத் திரும்பி வருவதும் அவளுக்குப் பழகியவைதான், ஆனால் வளைவு நெருங்க நெருங்க ஈர வாசனை போய் நிலக்கரிப் புகை மூக்கில் ஏறியது. அவள் போய்ச் சேரும் முன்பே வளைவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடம் காலி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. பக்கத்து விளக்கு எரிந்தது. அவளுக்கு இந்தப் பக்கம். வாசலைப் பார்த்த பக்கம்.

குட்டி!

ஓடினாள். அவளுக்கு முன்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்துகொண்டே போயின. வாசலுக்குக் கொஞ்சம் உள்ளே, கடைசி விளக்கு எரிந்தது. அப்படியே நின்றது. அதைத் தாண்டி வெளியே பாய்ந்தாள். குட்டி சொன்ன இடத்திலேயே நின்றிருந்தாள். மெயினை அணைத்தாள். பூட்டினாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது.

"வரேன்," என்றது இருட்டு. அச்சு அசல் அவள் குரல்.

"ம், வா!" என்றாள் குட்டி, சொல்லிக்கொடுத்த மாதிரியே, சமத்தாக.

குழந்தையின் வாயைப் பொத்தினாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வழியெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டதும்தான் மூச்சே வந்தது. ஐயோ, என்ன முட்டாள்தனம், வெறும் எதிரொலிக்குப் போய் இப்படியா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். குட்டி கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாள். அவள் சமையலறையில் பால் காய்ச்சினாள். சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாடிப்படி. அங்கேயும் சென்சார் விளக்குகள்தான். அவளே மாட்டியவை.

கீழ்த்தளத்து விளக்கு எரிந்தது. குடியிருப்பவர்கள் யாராவது வருவார்களாக இருக்கும்.

முதல் மாடி எரிந்தது. காலடிச் சத்தம் இல்லை.

இரண்டாம் மாடி. படியில் யாரும் இல்லை.

புகை வாசனை.

பால் பொங்கி வழிந்தது. கத்த நினைத்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வாசலில் குரல் கேட்டது. அவள் குரல்.

"குட்டி, கதவைத் திற. அம்மா வந்துட்டேன்."

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

கூடத்துக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது. வாசல் விளக்கு எரிந்தது. அதன் கீழே யாருமில்லை. குட்டி அண்ணாந்து பார்த்து, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையில் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கரிக் கைகள் பதிந்தன. பாதங்கள் தரையை விட்டு எழும்பின.

பாய்ந்தாள். விளக்கு அணைந்தது. கைக்கு இருட்டுதான் அகப்பட்டது.

இரண்டாம் மாடி எரிந்தது. அணைந்தது. முதல் மாடி.

குட்டி அப்போதுதான் மேலே திரும்பி, வாசலில் நிற்கிற அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். கீழேயிருந்து குட்டியின் குரல் வந்தது, சின்னதாக, குழம்பிப்போய்.

"அம்மா... போறேன்."