மாப்பிள்ளையை அவிழ்க்காதே

நீச்சல் குளத்தில் மிதந்தது, ஹோட்டல் சமையல்காரரின் பிணம்.

அவருடைய வெள்ளைத் தொப்பி தனியாக மிதந்தது.

குளத்தோரம் குப்புறப் படுத்திருந்த கமாண்டோ கேப்டன் பிணத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்வை முழுக்க எதிரே இருந்த சாப்பாட்டுக் கூடத்தின் மேல்தான். அந்தத் தீவில் இருந்த ஒரே ஹோட்டல் அது. காலையில் தீவிரவாதிகள் அங்கே வளைத்துப் பிடித்த விருந்தாளிகளில்... அவருடைய தங்கையும் ஒருத்தி!

புதுசாகக் கல்யாணமானவள். புருஷனோடு தேனிலவுக்கு வந்தவள்.

"நாலு பேரு சார். எல்லாவன் கையிலயும் துப்பாக்கி," ஹவில்தார் கிசுகிசுத்தார். "நான் முன்னால போகட்டுமா?"

"ஏன், என் கை நடுங்குதா?"

"கை இல்ல சார். கண்ணு கலங்குது."

"வெயில்," என்றார் கேப்டன். "கிளம்புங்க."

ஜன்னல்கள் நொறுங்கின. புகை... தோட்டாக்கள்... அலறல்!

மூன்று பேர் விழுந்தார்கள். நாலாமவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

தங்கையின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்ததை அப்போதுதான் கேப்டன் பார்த்தார். அவன் வாய்க்குள்ளேயே சுட்டார்.

"ஒருத்தனையாவது மிச்சம் வச்சிருக்கலாம் சார்," என்றார் ஹவில்தார். "இவனுங்க தலைவன் யாருன்னு கேட்டிருக்கலாம்."

"செத்தவனுங்கள்ல ஒருத்தன்தான். விடுங்க."

பணயக் கைதிகள் சுவரோரம் கிடந்தார்கள். பின்னால் கட்டிய கைகள். வாயில் டேப். அடையாளம் சரிபார்க்காமல் யாரையும் அவிழ்க்கக் கூடாது என்பது அந்தப் படையின் விதி. கைதிகளோடு கைதியாக எவனாவது ஒளிந்திருப்பான்.

கேப்டன் நேராக மாப்பிள்ளையிடம் போனார். தங்கையைவிட அவருக்குத்தானே முதல் மரியாதை?

"சார், விதி..." ஹவில்தார் இழுத்தார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைய எனக்குத் தெரியாதா? நானே தேடிப் பிடிச்ச வரன்யா."

தங்கை தலையை வேகமாக ஆட்டினாள். டேப்புக்குள் ஏதோ முனகினாள்.

"பொறு பாப்பா. மாப்ளைய முடிச்சுட்டு வர்றேன்."

கட்டு அறுந்தது. வாயிலிருந்த டேப்பும் பிரிந்தது. மாப்பிள்ளை இருமினார்.

"தண்ணி... மச்சான்..."

பிளாஸ்திரி ஓடி வந்தான். படையின் மருத்துவ உதவியாளன். எல்லோரும் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் அது. குனிந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

மாப்பிள்ளையின் கை பாட்டிலுக்குப் போகவில்லை. பிளாஸ்திரியின் இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது!

டுமீல்!

பிளாஸ்திரி கவிழ்ந்தான். அடுத்த நொடி, தூக்கி நிறுத்திய தங்கையின் கழுத்தைச் சுற்றி மாப்பிள்ளையின் கை. நெற்றிப்பொட்டில் துப்பாக்கி முனை.

"படகு வேணும் மச்சான்."

கேப்டன் ஓரடி முன்னால் வந்தார். "நீ... நீதானா?"

"பின்ன? கமாண்டோ கேப்டன் வீட்டு மாப்பிள்ளைன்னு சொன்னா எந்த வாசல்லயும் பெட்டியத் திறக்கறதில்ல. உங்க வீட்ல கொடுத்த சூட்கேஸ்லதான் அத்தனை துப்பாக்கியும் வந்துச்சு. இவ காலையில பார்த்துத் தொலைச்சிட்டா. அதான் அறைஞ்சேன்."

அறைந்தது இவன்! வாய்க்குள் சுடப்பட்டவன் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தானோ என்னவோ.

"துப்பாக்கியக் கீழ போடுங்க மச்சான். இல்லன்னா தங்கச்சி..."

கேப்டன் போட்டார்.

ஹவில்தார் போடவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. சுட்டார்... தங்கையின் தொடையில்!

அவள் துவண்டு சரிந்தாள். மறைக்க ஆளில்லாமல் மாப்பிள்ளையின் முகம் மட்டும் மிஞ்சியது. ஹவில்தாரின் இரண்டாவது தோட்டாவுக்கு அது போதும்.

கேப்டன் பாய்ந்துபோய்த் தங்கையின் காலை இறுகக் கட்டினார். அவள் வாயிலிருந்த டேப்பைப் பிரித்தார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மன்னிச்சுடு பாப்பா. உன் வாழ்க்கைய நானே கெடுத்துட்டேன். ஆனா உனக்கு நல்ல எடமா நானே பார்த்து..."

"ஐயோ, வேணாம்ணா," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அடுத்த மாப்பிள்ளைய ஹவில்தார் பார்க்கட்டும். அவருக்குத்தான் குறி தப்பல."