சோம்பேறியின் கிரில்

திங்கள், காலை 7.10. பிரேமன் நகரத்து ஓரத்தில், உறுப்பினர்களுக்கு வாடகைக்குத் தோட்டம் தரும் சங்கத்தின் கருவிக் கொட்டகை கரிக்கட்டையாகக் கிடந்தது. தீயணைப்பு வண்டி அப்போதுதான் கிளம்பியிருந்தது.

கொட்டகைக்கு இந்தப் பக்கம் ஃப்ராவ்கேயின் தோட்டம். அந்தப் பக்கம் சங்கத் தலைவர் ஓலென்டார்ஃபின் தோட்டம். முந்தின நாள் மாலை இருவருமே அவரவர் கரி கிரில்லில் சாசேஜ் சுட்டார்கள். பழி மட்டும் ஒருத்தி தலையில் விழுந்தது.

"தோட்டத்துச் சாவியைக் குடு," என்று கை நீட்டினார் ஓலென்டார்ஃப். "விதியை மதிக்காதவங்களுக்கு இங்க இடம் கிடையாது."

ஃப்ராவ்கேக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெறும் களிமண்ணைக் கொத்திக் கொத்தி அவள் ஆக்கிய தோட்டம் அது. "தர மாட்டேன். நான்தான் காரணம்னு முதல்ல காட்டுங்க."

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் இம்கே குறுக்கிட்டாள். "எதை வச்சு இவங்களைச் சொல்றீங்க, ஐயா?"

"அவ கிரில்லைப் பாருங்க மேடம்! சாம்பல் அப்படியே கிடக்கு. சோம்பேறிக் கழுதை. பொறி பறந்திருக்கும். என்னோடதையும் பாருங்க, ராத்திரியே தேய்ச்சுக் கழுவிட்டேன்."

பார்த்தார்கள். அவருடையதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஃப்ராவ்கேயுடையது மூடி போட்டு, காற்றுத் துளையும் அடைத்து நின்றது.

"தீ எப்பப் பிடிச்சுது?" என்று கேட்டாள் இம்கே.

"விடிகாலையில."

"மூடின கிரில்லுல இருந்து விடிகாலையில பொறி எப்படிப் பறக்கும்?"

ஓலென்டார்ஃப் மறுபடி தன் பளபளக்கும் கிரில்லையே காட்டினார்.

ஃப்ராவ்கே கொட்டகையைச் சுற்றி வந்தாள். தலைவர் பக்கத்துச் சுவர்தான் அடியிலிருந்து எரிந்து ஏறியிருந்தது. அதன் காலடியில் பழுப்பு பிளாஸ்டிக் உருகி, அடைபோல் ஒட்டிக் கிடந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தலைவரே, குப்பை பிரிக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல."

"பின்ன? உன்னை மாதிரியா?"

"கிரில்லைக் கழுவினீங்களே, சாம்பலை எதுல போட்டீங்க?"

"மக்குற குப்பை போடுற பழுப்புத் தொட்டியிலதான். மரக்கரியும் மரந்தானே! அடியில செய்தித்தாள்கூட விரிச்சு..."

அவர் பார்வை உருகிக் கிடந்த பழுப்பு பிளாஸ்டிக்கின் மேல் போய் விழுந்தது.

"ஆறிடுச்சும்மா. கையை வச்சுப் பாத்தேன்," என்றார் பிறகு, மெதுவாக.

"மேல ஆறியிருக்கும். உள்ள நீறு பூத்த நெருப்பு. என் கிரில்லைத் தொட்டுப் பாருங்க, இன்னும் சுடுது. மூடி வச்சு ரெண்டு நாள் தொடாம விடணும். அவசரம்னா தண்ணி ஊத்தி, மூடி உள்ள இரும்பு வாளியில போட்டு, சுவரை விட்டுத் தள்ளி வைக்கணும். நீங்க சோம்பேறித்தனம்னு சொன்னது இதைத்தான். கொட்டகையைக் கொளுத்தினது உங்க சுத்தம்."

இம்கே சுவரடியில் நிலத்தோடு ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக்கைப் பூட்ஸால் கிளறினாள். உள்ளே ஒரு துண்டுக் கரி சிவந்து முழித்தது. ஓலென்டார்ஃப் தலையைக் குனிந்துகொண்டார். சாவிக்காக நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

ஃப்ராவ்கே தன் சாவியால் தன் கதவைத் திறந்து உள்ளே போனாள். சங்கத்து மண்வெட்டியெல்லாம் எரிந்துபோயிருந்தது. தன்னுடையதைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தாள்.

"இந்தச் சாம்பலை நீங்கதான் அள்ளணும், தலைவரே. ஆனா இன்னிக்கு வேண்டாம். ஆறட்டும்."