வாய் திறக்காத தம்பி

"அவர் போனதைவிட இதுதான் சார் எனக்கு ஆறல" என்று தையற்காரி தன் கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

அறுவை சிகிச்சைக்குப் போகும்முன் அவள் கணவன் குழந்தைபோல அழுது, "எனக்குப் பயமா இருக்குடி" என்று சொன்ன காணொளி. அவளிடம் மட்டுமே இருந்தது. இப்போது அவளுடைய மற்ற படங்களோடு சேர்ந்து, ஊர் சிரிக்க இணையத்தில் கிடந்தது.

"யார் மேல சந்தேகம்?" என்றார் துப்பறிவாளர்.

"என் தம்பிதான். அடக்கம் முடிஞ்சதும் வந்த போனுக்கெல்லாம் பதில் சொல்றேன்னு என் போனை வாங்கி வச்சிருந்தான். மறுநாள் எல்லாம் வெளியே வந்துடுச்சு. கேட்டேன், வாயே திறக்கல. சொந்தக்காரங்க முன்னாடி 'வெளியே போடா'ன்னுட்டேன். போகும்போது ஒரு சார்ஜரைக் கையில திணிச்சு, 'இனி இதுல மட்டும் போடுக்கா'ன்னான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்ல?"

உதவியாளினி நாற்காலியிலிருந்து துள்ளினாள். "தம்பியேதான் சார்! வீட்டுக்குள்ளயே திருடன்!"

"அவசரக்குடுக்கை, உட்காரு." அவர் வெளிவந்த படங்களைக் கடைசியிலிருந்து தள்ளிப் பார்த்தார். பிறகு அவள் கைபேசியைப் பார்த்தார். "அடக்கத்தப்போ எடுத்த படம் உங்க போன்ல இருக்கு. வெளிய வந்ததுல இல்லையே?"

"வர முடியாத மாமியாருக்குக் காட்ட எடுத்தது..."

"தம்பி எடுத்திருந்தா அதுவும் வந்திருக்கணும். அந்தக் காணொளிதான் கடைசி. அப்போ, அது எடுத்த பிறகு, அடக்கத்துக்கு முன்னாடி திருடியிருக்காங்க. போன் எங்க இருந்தது?"

"என் மடியிலதான். ஆஸ்பத்திரிக் கூடத்துல தம்பியோட காத்திருந்தேன். டாக்டர் கூப்பிட்டா எடுக்கணுமேன்னு, தூண்ல எல்லாருக்குமா தொங்கின சார்ஜ் ஒயரைச் செருகினேன்."

"செருகினதும் திரையில ஏதாவது கேள்வி வந்துதா?"

அவள் விரல்கள் முந்தானையைத் திருகின.

"அனுமதிக்கலாமான்னு என்னமோ கேட்டுது. காலையிலேருந்து எல்லாரும் அதைத்தானே கேட்டாங்க? மயக்க மருந்து குடுக்கலாமா, ரத்தம் ஏத்தலாமான்னு. வேணாம்னா அவர் பிழைக்க மாட்டாரோன்னு எல்லாத்துக்கும் சரின்னேன். அதுக்கும் சரின்னு அழுத்திட்டேன்."

"அந்த ஒயருக்குப் பின்னாடி எவனோ ஒரு கருவியை ஒளிச்சு வச்சிருக்கணும். நீங்க சரின்னதும் படமெல்லாம் அந்த வழியா போயிருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "இன்னைக்கே போலீஸ்ல சொல்லுவோம். மத்தவங்களாவது தப்பட்டும்."

உதவியாளினியின் துள்ளல் அடங்கியிருந்தது. "அப்போ சார்ஜர் குடுத்தது... அவருக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"நான் பார்த்ததை அவரும் பார்த்திருக்கார்."

"தெரிஞ்சும் ஏன் பழியைச் சுமக்கணும்?"

"வேற யாரைக் காட்டுவார்? சரின்னு அழுத்தின அக்கா விரலையா?"

தையற்காரி தம்பியின் எண்ணை அழுத்தினாள். வெகுநேரம் மணி அடித்தது.

"சொல்லுக்கா."

"நான்தான்டா... ஆஸ்பத்திரியில... நானேதான்டா..."

மறுமுனையில் அவன் உடைந்தான்.

"ஐயோ, கண்டுபிடிச்சிட்டியாக்கா?"