நீட்டாத கை

"அது என் புள்ள!"

அலறல் கேட்டு, இரத்தப் பரிசோதனை அறையிலிருந்து கமலாசனி ஓடி வந்தாள்.

1998. போர்க்கால வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. வாட்டுக்குள்ளே, கலிஸ்ராவின் மடியிலிருந்த குழந்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் சிவரூபி.

"விசர் பிடிச்சிட்டுது இவளுக்கு," என்றாள் மருத்துவிச்சி விமலேஸ்வரி. "இவளின்ர பிள்ளை போன கிழமை செத்துத்தான் பிறந்தது. நான்தானே எடுத்தனான்."

"பொறந்தப்ப அழுதுச்சுங்க. நான் கேட்டேன். அதே குரல்தாங்க இது..."

"செத்த பிள்ளையின்ர முகத்தைப் பாத்தனியோ?"

"நீங்கதான் காட்டலையே."

செத்துப் பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டக்கூடாது என்பது ஊர் வழக்கம். துணியில் சுற்றிப் பின்வாசலால் கொண்டுபோய் அன்றைக்கே புதைத்துவிடுவார்கள். மனமிரங்கிச் செய்த வழக்கம்தான். கள்ளருக்கும் அது வெகு வசதி.

சிவரூபி மலையகத்துப் பெண். மாத்தளன் கரையில் வாடி எனும் கருவாட்டுக் கொட்டில் ஒன்றில் மீன் காயப்போடுபவள். கழுத்தில் தாலி இல்லை. பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று ஊரே கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

கலிஸ்ரா, அந்த வாடியின் முதலாளி யோசெப்பின் மனைவி. அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் செத்தே பிறந்தன. இந்த மூன்றாவது மாதாவின் கிருபை என்று கடற்கரையே கொண்டாடியது.

அந்தக் கிருபைக்குத்தான் இப்போது சுகமில்லை.

கமலாசனி குழந்தையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். மூக்கில் இரத்தம் கலந்த சளி. உள்ளங்காலில் தோல் உரிந்திருந்தது. ஊசிக்குழாயை எடுத்தாள்.

"எல்லாரின்ர ரத்தமும் வேணும்."

குழந்தையிடம் எடுத்தாள். கலிஸ்ராவிடம் எடுத்தாள். சிவரூபியிடமும் எடுத்தாள்.

"நீங்களும் கையை நீட்டுங்கோ," என்றாள் யோசெப்பிடம்.

"எனக்கென்ன வருத்தம், நோயா நொடியா? இது பொம்பிளையளின்ர விசயம்."

கை நீளவில்லை.

கரண்ட் இல்லாத வன்னியில் மைக்ரோஸ்கோப்புக்கு வெயில்தான் விளக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரத்தத்தில் தெளிந்த நீரோடு மருந்தைக் கலந்து, கண்ணாடித் தட்டைக் கையாலேயே சுழற்றினாள். நோயோடு மல்லுக்கட்ட உடம்பு செய்த எதிர்பொருள் அதில் இருந்தால், துகள்கள் திரளும். மலேரியாக் காய்ச்சலிலும் சிலவேளை அவை பொய்யாகத் திரளும். அதனால் உப்புநீர் விட்டு மேலும் மேலும் நீர்க்கச் செய்து திரும்பவும் பார்த்தாள்.

குழந்தையின் இரத்தம் விடாமல் திரண்டது.

மற்ற இரண்டையும் பார்த்தாள். பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"பிள்ளைக்கு மேகநோய். சிபிலிஸ். தாயின்ர வயித்துக்குள்ளேயே பிடிச்சிருக்கு."

விமலேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"தாயின்ர ரத்தத்தில இருக்கிறது தொப்புள்கொடியால வந்து பிள்ளையிலயும் காட்டுமெல்லோ? பிள்ளைக்கு நோய் இல்லாமலும் இருக்கலாம்தானே?"

"ஓம், காட்டும். ஆனா இது தாயை விடப் பிள்ளையில கனக்கக் காட்டுது. பிள்ளையின்ர உடம்பே செய்தது. கலிஸ்ராவின்ர ரத்தத்திலயும் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். மூன்றாவது முடிவைச் சொல்லவில்லை.

யோசெப் மனைவியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தான்.

"ஆரோட படுத்தனி? சொல்லடி!"

கமலாசனி பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். தான் விரித்த வலை அவளுக்கே கசந்தது.

கலிஸ்ராவுக்கு முன்னால் இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, நடத்தை கெட்டவள். மற்றது, பிள்ளை பிடித்தவள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள்... இரண்டாவதையே எடுத்தாள்.

"அது என்ர பிள்ளை இல்லை. என்ரது செத்துத்தான் பிறந்தது. இதுக்குப் பால் குடுத்ததிலதான் எனக்கும் ஒட்டியிருக்கும்."

"என்ன?"

"இந்த முறையும் வெறுங்கையோட வந்தா வாசல்படி மிதிக்காதை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். விமலா அக்காவின்ர காலில விழுந்தனான். அவாதான் மாத்தித் தந்தவா."

விமலேஸ்வரி தலையைக் குனிந்தாள். "தகப்பன் பேர் சொல்ல ஏலாத பிள்ளை. இவையிட்ட வளந்தா நல்லாயிருக்கும் எண்டு நினைச்சன்..."

சிவரூபி எதையும் காதில் வாங்கவில்லை. பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்தாள்.

"புள்ள பொழைக்குமாங்க?"

அந்த அறையில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"ஊசி போட்டாப் பிழைக்கும்," என்றாள் கமலாசனி.

யோசெப் பெருமூச்சு விட்டான். சேர்ட்டை இழுத்துச் சரிசெய்தான்.

"அப்ப எனக்கும் இந்த வருத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாடிக்காரியின்ர பிள்ளை, வாடிக்காரியின்ர வருத்தம். நான் போறன்."

"நில்லுங்கோ."

நின்றான்.

"கலிஸ்ராவின்ர ரத்தம் திரண்டது எண்டு சொன்னது பொய்யில்லை. பால் குடுத்து ஒரு கிழமையில அப்பிடித் திரளாது, அது முந்தியே வந்தது. சிவரூபியின்ரயும் திரண்டது. ரண்டும் ஒரே அளவு. ஆர் தாய் எண்டு என்ர சோதனையால சொல்லவே ஏலாது. கலிஸ்ரா வாய் திறக்காமல் இருந்திருந்தா, பிள்ளை அவளோடேயே போயிருக்கும்."

கலிஸ்ரா நிமிர்ந்தாள். "அப்ப என்ர மூண்டு பிள்ளையளும்..."

"இந்த வருத்தம்தான், தங்கச்சி." கமலாசனி யோசெப் பக்கம் திரும்பினாள். "ஒருத்தி உங்கட வீட்டில. மற்றவள் உங்கட வாடியில. ரண்டு இடத்துக்கும் போய்வாற ஆள் ஆர்?"

சிவரூபி முதல்தடவையாகத் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"மொதலாளி... சொல்லட்டுங்களா?"

யோசெப் வாசலைப் பார்த்தான். கலிஸ்ரா அழவில்லை. மூன்று பிள்ளைகளின் சாவுக்குக் காரணமானவனை, அன்றுதான் முதல்தரம் பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்ல மெல்ல அவன் கை நீண்டது. சேர்ட் கையைத் தானே மடித்துவிட்டான்.

"எனக்கும்... அந்த ஊசியை இப்பவே போடுங்கோ."

கமலாசனி அலுமாரியைத் திறந்தாள். வன்னிக்கு அரசு போட்ட மருந்துத் தடையைத் தாண்டி வந்த பெனிசிலின் அடித்தட்டில் கொஞ்சம்தான் கிடந்தது.

"வரிசையில நில்லுங்கோ, முதலாளி. உங்களுக்கு முன்னால ரண்டு பொம்பிளையள். அவைக்கு முன்னால உங்கட மகன்."